டவுன்ஹால் ரோட்டில் கீபோர்டு பார்த்தது

"டிஸ்பிளே ஏழு இஞ்ச், முழுக்க டச்" என்றான்
என் மச்சான் ரூபனிடம்.
வாசிக்கப்போவது நான்.

தடவினேன். கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு.
விரல் பட்ட இடத்தில்
புல்லாங்குழல் டிரம்ஸாகிவிட்டது.

"பட்டன் வச்சது இருக்கா?"
கீழ்த்தட்டிலிருந்து தூசியோடு வந்தது.
அமுக்கினால் அமுங்குகிற பட்டன்கள்!
ஐந்தின் மேல் புள்ளி தேடினேன்,
மழமழவென்றிருந்தது.
"அஞ்சு மட்டும் தெரிஞ்சாப் போதும்,
மத்ததை நான் பாத்துக்குவேன்."

பில் போடுகிற பெண் எழுந்து வந்தாள்.
"கல் பொட்டு. என்னோடதுதான்.
ஒட்டிட்டேன், தடவிப் பாருங்க."
பிசினில் இன்னும் வியர்வைச் சூடு.

திருநகர் ரிசப்ஷன். கூட்டம் சாப்பாட்டுக்கு நகர்கிறது.
புல்லாங்குழல் நாற்பத்தைந்து:
பொட்டுக்கு இடப்பக்கம் ஒரு தட்டு,
அப்புறம் பொட்டு.

பெயரைக் கேட்டிருக்கலாம்.
இரண்டாயிரம் குறைக்கச் சொல்லி
ரூபன் பேசிக்கொண்டிருந்தான்.