கொசுறு

இரவு மூன்றே காலுக்கு
ஒன்பதை எட்டாக்கினேன்.
காப்பர் ஹெரான் காசினோ, லாஃப்லின், நெவாடா.
ஆற்றோரச் சுவரை ஒட்டிய வரிசையில்
ஆறு வீடியோ போக்கர் பெட்டிகள்.
ஒவ்வொன்றாகச் சாவி போட்டுத் திறந்து
ஃபுல் ஹவுஸுக்கு நேரே இருந்த எண்ணை
ஒன்று குறைத்து மூடினேன்.
மேலிருந்து வந்த சீட்டில் அவ்வளவுதான் எழுதியிருந்தது.

லுவெல்லா ப்ராண்ட் புதன்கிழமைதோறும் வருவாள்.
எழுபத்தொரு வயது.
பள்ளி உணவுக்கூடத்தில் முப்பது வருடம்
பால் பாக்கெட் கணக்கு எழுதியவள்.
சட்டைப் பொத்தானில் மாட்டிய சுருள் கயிற்றை இழுத்து
அட்டையைப் பெட்டியின் வாயில் செருகுவாள்.
"வருக, லுவெல்லா" என்று பச்சை எழுத்து ஓடும்.
அவள் அதைப் படிப்பதில்லை.

ஒருநாள் எனக்குக் கணக்குச் சொன்னாள்,
திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்:
பிழையில்லாமல் ஆடினால் நூறு டாலருக்குத்
தொண்ணூற்றொன்பது டாலர் ஐம்பத்துநாலு சென்ட் திரும்பும்.
புதன்கிழமை மும்மடங்குப் புள்ளி. அது அறுபது சென்ட்.
கூட்டிப் பார், எஃப்ரேன்.
நூறும், மேலே பதினாலு சென்ட்டும்.
மணிக்கு அறுநூறு ஆட்டம் ஆடினால்
ஒரு டாலர் ஐந்து சென்ட் கூலி.
"பள்ளிக்கூடத்தில் இதைவிடக் கொஞ்சம் கூட" என்று சிரித்தாள்.

சந்தையில் காய் வாங்கினால்
பையை மூடுமுன் ஒரு கொத்து மல்லித்தழை விழுமே,
அந்த மாதிரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.
இல்லை. கொசுறு போடுகிறவன் தராசைப் பார்ப்பதில்லை.
இங்கே மேல்மாடியில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது.
நீ எவ்வளவு தோற்றாய் என்றல்ல,
எவ்வளவு தோற்றிருக்க வேண்டும் என்று
அதில் எழுதுகிறார்கள்.
அதிலிருந்து ஒரு கிள்ளு உனக்கே திரும்பி வரும்:
ஓர் அறை, ஒரு பஃபே, குளிருக்கு ஒரு போர்வை.
கண்ணை மூடிக்கொண்டு ஸ்லாட் ஆடுகிறவனுக்குக் கை தாராளம்.
லுவெல்லா தோற்க வேண்டியதோ சொற்பம்.
அவள் பேருக்கு நேரே யாரோ
ஒரு சுழி போட்டிருந்தார்கள்.

ஆனாலும் பரிசு நாளில் பாகுபாடில்லை.
மின்சாரச் சமையல் பானை, பதினோரு தடவை.
அவள் இருக்கும் டிரெய்லர் வரிசை முழுக்க
காசினோ பேர் போட்ட மூடிக்கடியில்
பீன்ஸ் வேகிறது.
என் வீட்டிலும்.

காலையில் வந்தாள். அட்டையைச் செருகினாள்.
பொத்தானுக்குப் போகும் வழியில் விரல் நின்றது.
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு துழாவுவதுபோல
அந்த ஒரு வரியிலேயே கண்.
பக்கத்துப் பெட்டி. அதற்கடுத்தது. ஆறும்.
உதடு அசைந்தது.
கணக்கு,
மணிக்கு ஏழரை டாலர் நட்டத்தில் வந்து நின்றது.
சரியாக ஏழரை.

கவுண்டரில் இருந்த புள்ளியையெல்லாம் காசாக்கினாள்:
நாற்பத்தொரு டாலர் பதினாறு சென்ட்.
என்னைக் கடக்கும்போது
"உனக்கு ராத்திரி வேலைதானே, எஃப்ரேன்?" என்றாள்.
ஆமாம் என்றேன்.
வேறெதுவும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் போயிருக்கிறது:
உங்களைக் காணாமல் வாடுகிறோம்,
இருபது டாலருக்கு இலவச ஆட்டம்.
வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.
ஆட்டத்துக்கு ஒன்றேகால் டாலர்.
பதினாறோடு இருபது தீரும்.
எதிர் வரிசையில், கெட்டுப்போகாத விளக்கொன்றைக்
கழற்றி மாட்டியபடி எண்ணிக்கொண்டிருந்தேன்.
பதினாறாவதில் நான்கு ஹார்ட்டின்:
பத்து, ஜாக்கி, ராணி, ராஜா.
ஐந்தாவது சீட்டு திரும்பியது.
கிளாவர் மூன்று.

திரையில் மிச்சம் பதினேழரை டாலர்.
அட்டை இன்னும் பெட்டியின் வாயில்.
விரல் பொத்தானுக்கு மேலே, தொடாமல்.

அப்போது பார்த்து ரேடியோ கூப்பிட்டது.
நாற்பத்திரண்டாம் பெட்டியில் ரசீதுத் தாள் தீர்ந்துவிட்டதாம்.
போனேன். திரும்பினேன். இருக்கை காலி.

பதினாறா, பதினேழா, நூறா
என்று பதிவேட்டைத் திறந்தால் தெரிந்துவிடும்.
கடவுச்சொல் என்னிடம் இருக்கிறது.

விடிந்து வீட்டுக்குப் போய்ப்
பானையைத் திறந்தேன்.
உப்பு போட மறந்திருக்கிறேன்.