முந்நூற்றுப் பன்னிரண்டு டிகிரி

சாமல்பட்டி தண்டவாளத்துக்குக் கிழக்கே
உடைத்து வந்த கல்.
தேய்த்துத் தேய்த்து
வெங்காயத் தோலாக்கி
லென்சுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

குவார்ட்ஸுக்குள் ஒரு துளி.
கடுகை ஆயிரமாய் நறுக்கினாலும் அதைவிடப் பெரிசாயிருக்கும்.
துளிக்குள் ஒரு குமிழி,
குமிழியை ஒட்டி, மூலை மழுங்காத
ஒரு சதுர உப்பு.
எழுபது கோடி வருஷமாய்
யாரும் குழம்பில் போடாதது.

பாறை களிபோலத் தளதளத்த நாளில்
குளோரின் இங்கே குடிக்கூலிக்கு இருந்தது.
சிலிக்கா கட்டிய வீட்டில் அதற்கென்று அறை கிடையாது.
சோடியத்தின் தோளில் சாய்ந்து,
கால்சியத்தின் முற்றத்தில் படுத்து
ஒப்பேற்றியது.
மேலே வரவர
அமுக்கம் தளர,
தண்ணீர் பாறையை விட்டுக் கிளம்பியது.
இரு, நானும் வர்றேன், என்றது குளோரின்.
போகிற போக்கில்
செம்பையும் இரும்பையும்
கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

ஃபுளூரின் போகவில்லை.
அபடைட் படிகத்துக்குள் புகுந்து
கதவைச் சாத்திக்கொண்டது.

பிற்பாடு மழை வந்து தட்டியதும்
கொஞ்சம் கொஞ்சமாய்த் திறந்தது.
கிணற்றில் இறங்கியது.
என் பல்லுக்கு வந்தது.

ஊத்தங்கரை ஸ்டூடியோவில்
ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம்:
உதட்டை இறுக்கிக்கொண்டு ஒருத்தி.
பெண் பார்க்க வந்தவர்கள்
ஒரு தடவ சிரிம்மா, என்றார்கள்.
சிரித்தேன்.
பஜ்ஜி நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

போன குளோரின் இப்போது
மூட்டையில் திரும்பி வருகிறது.
பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துக்கொண்டு
டேங்க் ஏணியில் ஏறுகிறார் மாதையன்,
மூக்கைத் துண்டால் பொத்தியபடி.
மறுநாள் குழாயடி முழுக்க அந்த வாடை.
கிருமி சாகும்.
தங்கிவிட்டவனை அது ஒன்றும் செய்யாது;
பழைய பங்காளி,
முகம் கொடுத்துக்கூடப் பேசாது.

சூடேற்றுகிறேன்.
நூற்றெண்பதில் குமிழி நடுங்கி மறைந்தது.
இருநூற்றைம்பதில் உப்பின் மூலைகள் உருண்டன.
முந்நூற்றுப் பன்னிரண்டில்
அது இல்லை.
நோட்டில் எழுதினேன்.
கை வியர்த்து எண் கலங்கியது,
மறுபடி எழுதினேன்.

ஆறவிட்டேன்.
சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது,
டப்பாவைத் திறக்கவில்லை.

வந்துவிட்டது.
அதே சதுரம்.
வேறொரு மூலையில்.

வாயைத் திறந்தே சிரித்தேன் போல;
அணைத்த திரையில்
பழுப்புக் கோடுகளோடு
ஒரு வரிசைப் பல்.