மூன்றாவது விளக்குக் கம்பம்

உடற்பயிற்சிக் கூடம் ஆறு மணிக்கு என்கிறது பலகை.
ஃப்ரெஸ்னோவின் மூடுபனியில்
காவலர் கராபெட் ஐந்தே முக்காலுக்கே
சாவியைத் திருப்பிவிட்டு
வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்.
துண்டோடு நுழைவாள் இட்ஸெல்.
வெந்நீர் வர நாலு நிமிடம்.
அதற்குள் உயிரியலில் ஒரு பக்கம்.

நூலகம் பத்துக்கு மூடும்.
பிறகு காரின் பின்னிருக்கை;
கண்ணாடிக்குத் திரையாக
ஆய்வகத்தின் வெள்ளை அங்கி.

மாணவர் உதவி மையத்தில்
அவசர நிதிக்கான படிவம்.
பெயர், எண், சேர்ந்த ஆண்டு
மளமளவென்று எழுதியவள்
நிரந்தர முகவரியில் நின்றாள்.
பேனா மூடியைக் கடித்தாள்.

'டி வாகன நிறுத்தம், மூன்றாவது விளக்குக் கம்பம்.'

மேசைக்கு அந்தப்புறம் பா ஸியோங்
இரண்டு முறை படித்தாள்.
"அந்த விளக்கு எரியாதே."

"அதனால்தான் அங்கே."