எட்டு புள்ளி இரண்டு

ஊர்ப் பேரில் தேன் இருக்கிறது, கனி இருக்கிறது.
தேன்கனிக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்
நான் விற்பது புளிப்பு.

நிம்பேஹண்ணு என்று கேட்டு வருவார்கள்,
நிம்மகாய என்று கேட்டு வருவார்கள்.
எலுமிச்சை என்று கேட்பவர்
பேரம் கொஞ்சம் அதிகம் பேசுவார்.
மூன்று பாஷைக்கும் ஒரே விலை:
சித்திரையில் ஒன்று பத்து,
ஐப்பசியில் பத்துக்கு நாலு.

வந்த காரியத்தைக் கை சொல்லிவிடும்.
முகர்ந்து பார்த்தால் சாதத்துக்கு.
அழுத்திப் பார்த்தால் சோடாக் கடைக்கு.
காம்போடு, புள்ளி விழாததாய்ப் பொறுக்கினால் கோயிலுக்கு.
எதுவானாலும் சரி, நாலு கொடு என்றால்
புது டிராக்டருக்கு.
சக்கரத்தடியில் நசுங்கப்போகிற பழத்துக்கு
அழகு எதற்கு.

நார்த்தங்காய் ஓரமாக உட்கார்ந்திருக்கும்,
முகமெல்லாம் அம்மைத் தழும்போடு.
அதைத் தேடி வருபவள் பெரும்பாலும் மூன்றாம் மாதத்துக்காரி.
துணைக்கு வந்தவளைப் பேசவிடாமல் அவளே கேட்பாள்,
உப்புப் போட்டது இருக்கா என்று.
கடாரங்காய்க்கு ஆள் குறைவு.
அஞ்செட்டி மெஸ்காரர் ஒருவர் மட்டும்
மாசத்துக்கு இருபது வாங்கிப்போய்
சுருள் சுருளாக நறுக்கி மொட்டைமாடியில் காயவைப்பார்.
தயிர்சோறு என்று ஒன்று இல்லாவிட்டால்
இந்தக் கசப்பை எவன் சீந்துவான் என்பார்.
சாத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு.
அதற்கு மட்டும்
வாங்குகிறவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுப்பேன்.
பம்பளிமாஸ் ஒன்று பத்து நாளாக இருக்கிறது,
குழந்தைகள் தொட்டுப்பார்க்க.

பிலோமினா சிஸ்டர் தெற்கத்திக்காரி.
கடாரங்காயைக் கிடாரங்காய் என்பாள்.
வாங்குவதென்னவோ
அடிபட்டது, சுருங்கியது, யாரும் தொடாத எலுமிச்சை.
ஸ்கூட்டியில் போட்டுக்கொண்டு
மலைக் கிராமங்களுக்கு எடுத்துப்போவாள்,
இரும்புச்சத்து மாத்திரையோடு.
"டீயோட போட்டா டீ பாதியப் புடுங்கிக்கும்.
இதோட போட்டா உள்ள சேரும்."
பிறகு விரலை ஆட்டிச் சொல்வாள்:
"எலுமிச்ச ரத்தம் ஆகாது.
மாத்திரைக்குக் கதவு தெறக்கும், அவ்வளவுதான்."
கேட்டுக் கேட்டு
வருகிறவர்களிடம் நானே சொல்ல ஆரம்பித்தேன்.
இரண்டு பழம் கூடப் போனது.

நேற்று கோடை மழைக்கு ஒதுங்கினவள்
சும்மா நிற்காமல் என் விரலைப் பிடித்தாள்.
குத்தினாள்.
அந்தக் குட்டி மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது.
எட்டு புள்ளி இரண்டு.
"முனிரத்னம்மா,
பேர்ல ரத்தினம் இருக்கு, ரத்தம்தான் இல்ல."
நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலமானால் காதுக்குள் ஓர் இரைச்சல்.
பெங்களூர் பஸ் என்று நினைத்திருந்தேன்.
படி ஏறினால் மூச்சு.
படியைக் குறை சொல்லியிருந்தேன்.
பதினொரு வருஷமாய் இந்தக் கூடை,
ஒரு நாளைக்கு ஆறு டீ.
சாறு காட்ட நறுக்கிய பழத்தைக்கூட
கடை கட்டும்போது
சோடாக்காரனிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு
காசை முந்தானையில் முடிந்தவள் நான்.

இன்று மதியம்.
மாத்திரை இடது கையில்.
டீக்கடை நாகேசு கிளாஸோடு வந்து நின்றான்.
ரெண்டு மணி நேரம் கழிச்சு வாடா என்றேன்.
அக்காவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்துக்கொண்டே போனான்.
கூடைக்குள் கை
அடிபட்டதாய் ஒன்றைத் துழாவியது, பழக்க தோஷம்.
கிடைத்ததும் விட்டுவிட்டு
கோயிலுக்குக் கேட்பார்களே,
காம்போடு, புள்ளி விழாமல்,
அதில் ஒன்றை எடுத்து நறுக்கினேன்.
ஊசி குத்தின இடத்தில் சாறு பட்டுச்
சுருக்கென்றது.

குடித்து முடித்து
கடன் நோட்டைப் பிரித்தேன்.
எலுமிச்சை ஒன்று.
ரூபாய் பத்து.
முனிரத்னம்மா, பாக்கி.