மறுபிடிப்பு

காட்பாடியில் கடல் இல்லை.
மாடி அறையில், கூலரின் ஈர வைக்கோல் வாசத்தில்
நான் ஓங்கில்களை எண்ணுகிறேன்.

படகில் போகிறவர்கள் படம் அனுப்புவார்கள்,
ஒரு நாளைக்கு எண்ணூறு, தொள்ளாயிரம்.
பாதியில் வெறும் தண்ணீர்.
மீதியில் முதுகுத் துடுப்பு,
அதன் பின்விளிம்பில்
யாரோ கடித்துவைத்த முறுக்கு மாதிரி ஒரு பிசிறு.
அந்தப் பிசிறுதான் பெயர், ரேகை, ஆதார் எல்லாம்.

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு.
கேமராவில் விழுந்தால் 'பிடிபட்டது'.
அடுத்த பருவமும் விழுந்தால் 'மறுபடி பிடிபட்டது'.
விழாவிட்டால் சுழியம்.
சுழியம் சாவு இல்லை.
அது வந்திருக்கலாம், நாங்கள் வேறு பக்கம் பார்த்திருக்கலாம்.
எத்தனை நிம்மதியான எண்.

நாற்பத்தேழுக்கு ஐந்து ஒன்றுகள், பிறகு மூன்று சுழியம்.
இரட்டை வெட்டு. நுனி கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.
கடைசிப் படத்தில் அதன் விலாவை ஒட்டி
ஒரு சின்னத் துடுப்பு.

கன்னியப்பனை எனக்குக் குரலாகத்தான் தெரியும்.
மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுவேன்.
என்ன வலை, எத்தனை மணி நேரம்,
மீன் தவிர வேறு ஏதாவது?
"ஒண்ணும் இல்லம்மா."
எழுதிக்கொள்வேன்: இல்லை.
மூன்று வருடமாக, இல்லை.

கத்திரி வெயிலில் அவரே கூப்பிட்டார்.
மனைவிக்குச் சிறுநீரகம், பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்.
வங்காளமும் தெலுங்கும் பேசும் பெஞ்சுகளுக்கு நடுவில்
டோக்கனைச் சுருட்டிப் பிடித்தபடி இருந்தார்,
நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"எங்க ஊருகிட்டதாம்மா பாலாறு கடல்ல சேருது.
இங்க பாலத்து மேல வரச்சொல்லோ எட்டிப் பாத்தேன்,
மணலுதான் கீது."

நூற்று எழுபது ஓடிக்கொண்டிருந்தது.
அவருடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
நூற்று எண்பதில் செல்போனை எடுத்தார்.
"புடிச்சு உள்ள வச்சிருவாங்கன்னு சொல்லல."

இருட்டில் ஃப்ளாஷ் அடித்த படம்.
நீல வலை, எஞ்சின் பெட்டி, ஒரு வெறுங்கால்.
இரட்டை வெட்டு.
படத்தைப் பெரிதாக்கத் தேவையே இருக்கவில்லை.
இருந்தும் பெரிதாக்கினேன்.

"வஞ்சிரத்துக்கு வுட்ட வழிவலை. ஐப்பசி, ரெண்டு வருசம் முன்ன.
வலைய அறுத்துத்தான் எடுத்தேன், மூச்சு இல்ல.
குட்டி வுடியறவரைக்கும் படகச் சுத்தினே இருந்திச்சு.
மோட்டார் போட கை வரல."

கண்ணி அகலம் எத்தனை என்று கேட்டேன்.
நான் கேட்டது அதைத்தான்.
நாலு விரல், என்றார். ஆழம் ஏழு பாகம். மணி ரெண்டு, ரெண்டரை.
தேசம்மாள் இதுவரை சுவரைப் பார்த்திருந்தவள்
திரும்பிச் சொன்னாள்:
"ரெண்டு நாளு சோறு துன்னல இந்த ஆளு.
எனக்கு ஒடம்பு சரியில்லன்றப்ப துன்னாரு."

"எம் பேரு வருமா?"
"வராது. கண்ணி வரும், ஆழம் வரும், மணி வரும்."
அவர் தலையாட்டினார்,
நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை.

திரும்பும்போது பஸ் ஜன்னலில் அதே மணல்.
லாரித் தடம், இரண்டு எருமைகள், ஒரு குட்டை.

அறையில் மின்சாரம் இல்லை, மடிக்கணினியில் முப்பது சதவீதம்.
நாற்பத்தேழின் முதல் சுழியத்தை ஒன்றாக்கினேன்.
பிடிபட்டு, திரும்ப விடப்படாததற்கு
வரிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட வேண்டும்.
விசைப்பலகையில் அது மேல் வரிசையில், சுழியத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கன்னியப்பனின் மற்ற 'இல்லை'களைத் திறந்தேன்.
முப்பத்தைந்து.
ஒன்றையும் தொடாமல் மூடினேன்.

குட்டியைத் தேடவில்லை.
அதற்கு எண் கிடையாது.
அந்த வயதில் துடுப்பு வழவழவென்றிருக்கும்,
எதுவும் இன்னும் கடித்திருக்காது.
அப்படிப்பட்டவற்றை
எங்களால் பிடிக்க முடியாது.