ஒரு விரற்கடை

போன ஜனவரியில்
என் இடது சுண்டுவிரல்
என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டது.

வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்பது கிலோமீட்டர்.
ஔலுவில் அதெல்லாம் ஒரு தூரமா?
பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள்,
ரொட்டி வாங்கக் கிழவர்கள் போகிறார்கள்,
மைனஸ் பதினெட்டில்
மூக்குமுடி கம்பியாய் விறைக்க
சைக்கிள் மிதித்துப் போகிறார்கள்.
பனியை அமுக்கிச் சமன்செய்யும் வண்டி
நாங்கள் எழும்புமுன் வந்து போயிருக்கும்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

லாக்கர் அறையில் காலுறையை உருவினால்
அது மட்டும்
வேறு யாருடையதோ போல வெள்ளையாய்.
அரை மணி கழித்து வலித்தது.
அழுகையும் நிம்மதியும் சேர்ந்து வந்தன.

ரத்தம் எடுப்பது என் வேலை.
நாளுக்கு நாற்பது பேர்.
கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள் என்பேன்,
முழங்கைக்கு மேலே பட்டையை இறுக்குவேன்.
சொந்தக் காலைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

ரைமோவின் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம்.
சுவர் முழுக்கப் பூட்ஸ்.
மைனஸ் முப்பது வரை என்கிறது ஒரு அட்டை,
மைனஸ் நாற்பது என்கிறது அடுத்தது.
"அதைப் படிக்காதே,
யார் காலை வைத்து அளந்தார்களோ" என்றான்.

முதலில் ஓர் அழகன். கறுப்பு, ஒல்லி.
அடியில் பெடலைக் கவ்விக்கொள்ளும் இரும்பு.
"அந்த இரும்பு வழியாகத்தான்
குளிர் வாடகை தராமல் குடிவரும்."
அடுத்தது முழு ரப்பர்.
வெளியிலிருந்து சொட்டு வராது,
உள்ளிருந்தும் சொட்டுப் போகாது.
எட்டாவது கிலோமீட்டரில்
சொந்த வியர்வையில் ஊறுகாய்.

மூன்றாவது
கரடிக்குத் தைத்ததுபோல் இருந்தது.
கழற்றிக் காயவைக்கக் கம்பளி உள்ளுறை,
கணுக்காலுக்கு மேல் ஒரு சாண் தோல்.
"என் அளவு முப்பத்தெட்டு" என்றேன்.
நாற்பதைக் கொண்டுவந்தான்.

"பெரிசு."
"செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா?
நீ அதைத்தான் செய்கிறாய். விரல் விரலாய்."

கடை நடுவே கட்டிவைத்த பழைய சைக்கிளில் ஏற்றினான்.
நிற்கும் கால் பொய் சொல்லும், மிதி என்றான்.
மிதித்தேன்.
முன்னால் ஒரு விரற்கடை இடம்,
அதில் சும்மா நிற்கிற காற்று.
அதுதான் சூடு என்றான்,
மிச்சமெல்லாம் அதற்குக் கட்டிய வீடு.
போன வருடம் நான் போட்டிருந்தது
இறுக்கமான பூட்ஸ், அதற்குள் இரண்டு கம்பளிக் காலுறை.
சட்டென்று புரிந்தது:
குளிர்காலம் முழுக்க
என் பாதத்துக்கு நானே பட்டை கட்டியிருக்கிறேன்.
ஊசி போட மட்டும் யாரும் வரவில்லை.

நூற்று எண்பத்தொன்பது யூரோ.
பதினான்கு நாளுக்குள் திருப்பித் தரலாம்.

அன்றிரவு துணி ஊறவைக்கும் தொட்டியில்
தண்ணீர் நிரப்பி
பூட்ஸோடு நின்றேன்.
பல் விளக்க வந்த ஸைமி பார்த்தாள்.
"எவ்வளவு நேரம்?"
"இருபது நிமிடம்."
பிரஷ்ஷை வாயில் கடித்தபடி
பால்கனிக்குப் போய்
ஒரு வாளி பனியை அள்ளிவந்து கொட்டினாள்.
பரீட்சை வைத்தால் ஒழுங்காக வை அம்மா.

வலது தேறியது.
இடதில், நாக்கைத் தைத்த இடத்தில்,
ஒரு காசு அளவுக்கு ஈரம்.
இடதுதான். வேறெது?

ரைமோ வாதாடவில்லை.
தையலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு
வேறு ஜோடி எடுத்துத் தந்தான்.
பேன்ட்டை பூட்ஸுக்குள் செருகாதே,
மழை காலைக் குழாயாக்கிக்கொள்ளும் என்றான்
நான் கதவைத் திறந்த பிறகு.

இன்று மைனஸ் இருபத்தொன்று.
காலை ஆறரை, நடுச்சாமம் போல இருட்டு.
சிவப்பு விளக்கில் காலூன்றி நின்றபோது
உள்ளே சுண்டுவிரலை மடக்கிப் பார்த்தேன்.
மடங்கியது.
இன்னொரு தரம் மடக்கினேன், சும்மா.

பக்கத்தில் ஒரு பையன்.
துணி ஷூ. அதற்குள்ளிருந்து
சூப்பர்மார்க்கெட் பையின் மஞ்சள் ஓரம்
காற்றில் படபடத்தது.
ஒரு காலை இன்னொரு காலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டு அளவு பெரிசு, என்று
வாய் திறந்தேன்.
பச்சை விழுந்தது.
அவன் என்னைவிட வேகம்.