ஓரமாய் நிற்கும் கேமரா

பஹ்ரைன், ஹித். உலர்துறையின் அடித்தளம்.
இரவு பதினொன்றுக்கு மேல்தான் எனக்கு வேலை.
சூரியன் இருக்கும்வரை
என் புரொஜெக்டரை யாரும் மதிப்பதில்லை.

கப்பலின் புரொப்பெல்லர் தலைக்கு மேல் நிற்கிறது.
வெண்கலம், நான்கு இதழ்.
ஒவ்வொரு இதழும் மொனிருலின் அறையளவு
(அந்த அறையில் ஆறு பேர், அது வேறு கணக்கு).
நான்காம் இதழில் எதுவோ மோதியிருக்கிறது.
எவ்வளவு பள்ளம் என்று நான் சொல்ல வேண்டும்.

மினுங்கும் எதையும் ஒளியால் அளக்க முடியாது.
முதலில் வெள்ளைப்பொடி தெளித்தோம்.
அரிதாரம் பூசிக்கொண்டு
கூத்துக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது இதழ்.

பிறகு கோடுகள்.
கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை,
புறப்படும்போது நூல்பிடித்த நேர்;
உலோகத்தில் விழுந்ததும் வளைகின்றன.
அந்த வளைவை
ஓரமாய் நிற்கும் கேமரா பார்க்கிறது.
ஓரமாய் என்பதுதான் விஷயம்.
ஒளி போகிற வழியிலேயே நின்று பார்த்தால்
எல்லாக் கோடும் நேராகவே தெரியும்,
எந்தப் பள்ளமும் பள்ளமில்லை.

பாதி ஓடும்போது
இதழின் விளிம்பில் ஈரம் திரண்டது.
கடல்காற்று இங்கே சொட்டுச்சொட்டாய்த்தான் வரும்.
துணியோடு மொனிருல் கையை நீட்டினான்.
கோடுகள் அவன் கழுத்தில் ஏறி
கன்னத்தில் நெளிந்தன.
அசையாதே என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை;
நகரு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.
அப்படியே நின்றான், எட்டு விநாடி.

திரையில்
இதழோடு ஒட்டிய அரை ஆள்.
தலைமயிர் இல்லை, கறுப்பு ஒளியைத் திருப்பித் தராது.
கண் இருந்த இடம் ஓட்டை.
வியர்வை பளபளத்த நெற்றியும் ஓட்டை.
மூச்சு விட்டிருக்கிறான், மார்பு மட்டும் அலையலையாய்.
தாடையில் ஒரு வெட்டு,
ஆழம் ஒன்று புள்ளி எட்டு மில்லிமீட்டர்.
பதினான்கு மாதமாய் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

கேட்டேன்.
சிட்டகாங், கப்பல் உடைக்கிற கரை, என்றான்.
துணியைப் பிழிந்தான்.
அடுத்த இதழா, என்றான்.

எந்த அளவும் இருபது டிகிரிக்கு உரியது,
உலகமெங்கும் அப்படித்தான் விதி.
முப்பத்தாறில் வெண்கலம் விம்மியிருந்தது;
கணக்கில் அதைக் குளிர வைத்து எழுதினேன்.
எங்களுக்கு அந்தத் திருத்தம் கிடையாது.

எட்டு மணிக்கு அறிக்கை போக வேண்டும்.
அரை ஆளைச் சுற்றிக் கோடு வரைந்து அழித்தேன்.
வேறென்ன செய்ய?
விளிம்பில் மட்டும் ஒரு முப்பது புள்ளிகள்,
விரலா வெண்கலமா, பிரிக்க வரவில்லை.
பெரிதாக்கிப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன்.
விட்டுவிட்டேன்.
பிழைவரம்புக்குள்தான் இருந்தது.